நரம்பு இல்லை, குழாய்

என் அக்காவைப் பார்த்து "பாவம், ஓய்வு எடுங்க" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு அடித்து விரட்டலாம் போல இருக்கும். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், தெரியும். அந்த நல்ல மனசுதான் அவள் காலைப் பாதி தின்றது. மீதியைத் தின்றது ஒரு வார்த்தை.

அக்கா வேலை செய்வது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல், ஆஸ்பத்திரி படுக்கை விரிப்பெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். அந்த மூட்டைகளை ஏற்றி வரும் வேனை ஓட்டுகிறவன் நான். அக்கா நிற்பது பிழியும் மெஷினில். துவைத்து முடித்த ஈரத் துணியை அள்ளி அந்தப் பெரிய உருளைக்குள் போட்டு மூடினால், அது தலைதெறிக்கச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளும். அள்ளித் திணித்துவிட்டுப் போக முடியாது. ஒரு பக்கம் கனம் கூடிவிட்டால் மெஷின் பேய் பிடித்த மாதிரி குதிக்கும், தரையே அதிரும். துணியைச் சுற்றிலும் சமமாக அடுக்க வேண்டும். ஈரத் துணி பிணம் கனம் கனக்கும். அதனால் அந்த மெஷினுக்குப் பெண்களை விடுவதில்லை. அக்கா சண்டை போட்டு வாங்கிய இடம் அது. "உன்னால தூக்க முடியுமா?" என்று ஒருத்தன் கேட்டதற்கு, "உன்னையும் சேத்துத் தூக்கி உள்ள போடட்டுமா?" என்றாளாம். அன்றைக்கு அவளுக்கு விழுந்த பெயர் லாரியக்கா. குரலும் ஹாரன் மாதிரிதான் இருக்கும்.

அந்த லாரிதான் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

கால் வலி என்று தெரியும், வழியில் நிற்கிற அளவுக்கு என்று முதலில் எங்கள் யாருக்கும் தெரியாது. கெட்டிக்காரி, மறைத்துவிட்டாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சலவைக் கூடம் வரைக்கும் ஒரு கடைத்தெரு. கொஞ்ச தூரம் நடந்ததும் அவளுக்கு இடது கெண்டைக்கால் இறுகும். "உள்ள யாரோ துணியை முறுக்கிப் பிழியிற மாதிரி இருக்கும்டா" என்று பிறகு சொன்னாள். நின்றால் தானாகச் சரியாகிவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். நடுத்தெருவில் சும்மா நின்றால் நாலு பேர் கேட்பார்களே. அதனால் ஒவ்வொரு கடையாக நின்றிருக்கிறாள். பாத்திரக் கடையில் விலை கேட்பது, செருப்புக் கடையில் ஒரு செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, பைப் கடை வாசலில் நின்று பிளாஸ்டிக் பைப்பை மேலும் கீழும் பார்ப்பது. "லாரியக்கா மாடி வீடு கட்டப் போறாங்கப்பா, தினமும் பைப் கடையில நிக்கிறாங்க" என்று கூடத்தில் கிண்டல் செய்தார்கள். "ஆமாடா, உன்னை வாட்ச்மேனா போடுறேன்" என்று இவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

சரிவுப் பாதையில் கடை எதுவும் இல்லை. அங்கேதான் மாட்டினாள். சலவைக் கூடத்தின் கேட்டைத் தாண்டினால் ஒரு முற்றம், முற்றத்தைத் தாண்டினால் மெஷின் இருக்கும் கட்டடத்துக்கு ஏறும் சிமெண்டுச் சரிவு. ஒருநாள் துணி டிராலியைத் தள்ளிக்கொண்டு ஏறியவள், பாதியில் கால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கை நழுவியது. டிராலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. சுவருக்கும் டிராலிக்கும் நடுவில் சூப்பர்வைசரின் கால் விரல் மயிரிழையில் தப்பியது.

"என்னக்கா, ஆளைக் கொல்லப் பாத்தீங்களா?"

"நீ ஏன்டா வழியில மரம் மாதிரி நிக்கிற?"

அவன் சிரிக்கவில்லை. அவனும் எத்தனை நாளாகவோ அவள் நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். "மூணு மாசம் லீவு தரேன். காலைச் சரி பண்ணிக்கிட்டு வாங்க. கேட்லேர்ந்து மெஷின் வரைக்கும் டிராலியை நீங்களாத் தள்ளிக்கிட்டு வந்தா மெஷின் உங்களுக்கு. இல்லேன்னா இல்ல. அதுவரைக்கும் வேற ஆளைப் போட்டுட்டேன்" என்றான்.

அக்கா வந்து என் வேனில் ஏறி, கதவு கழன்றுவிடும் போல இழுத்துச் சாத்தினாள். "அந்த மெஷினை விட்டுட்டு நான் வீட்ல சாஞ்சு உக்காந்தா அவ்வளவுதான்டா தம்பி, உங்க மாமா மூஞ்சையே பாத்துக்கிட்டு செத்துருவேன்" என்றாள்.

சரி, கால் ஏன் இந்த நிலைக்கு வந்தது? அதற்கு வருகிறேன்.

நம் பேச்சில், தோலுக்குக் கீழே நூல் மாதிரி எது ஓடினாலும் அதற்குப் பெயர் நரம்பு. புறங்கையில் பச்சையாகப் புடைத்துக்கொண்டிருப்பது நரம்பு. ஊசி போட வரும் நர்ஸ் தட்டித் தட்டித் தேடிவிட்டு "நரம்பே கிடைக்கலையே" என்று அலுத்துக்கொள்வதும் அதேதான். இடுப்பிலிருந்து சுண்டி இழுத்தால் அதுவும் நரம்பு. கோபம் வந்தால் நெற்றியில் புடைக்கிறதே, அதுவும். எங்கள் குடும்பத்தில் இந்தக் கடைசி நரம்பு எல்லோருக்கும் உண்டு.

எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் இருக்கிறார். எதற்குப் போனாலும் ஊசி போடுவார் என்பதால் ஊசி டாக்டர். அவரிடம் போய் அக்கா, "நடந்தா கெண்டைக்கால் இழுக்குது டாக்டர். நரம்பு அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றிருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை, நரம்பு. இந்த இரண்டு வார்த்தையும் காதில் விழுந்ததுதான் தாமதம், அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். நரம்புக்கு மாத்திரை, நரம்புக்குச் சத்து ஊசி, மேலே தடவக் களிம்பு. கடைசியில் ஒரு புத்திமதி: "காலுக்கு ரெஸ்ட் குடுங்க, நடையைக் குறைங்க."

இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. மாத்திரை மாறியது, களிம்பின் நிறம் மாறியது, வலி மட்டும் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. மாமா, அதாவது அக்கா புருஷன், சாயங்காலம் ஆனால் அவள் காலை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "ஒரு அடி எடுத்து வைக்காத. தண்ணி வேணுமா, நான் கொண்டாரேன்" என்பார். பாசக்காரர்தான். இரண்டு வருஷத்தில் அவள் கெண்டைக்கால் கயிறு மாதிரி இளைத்துப் போனது அந்தப் பாசத்தில்தான்.

சூப்பர்வைசர் விரட்டியதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் துணி இறக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் எனக்குப் பழக்கம். அவர் சொல்லி ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம்.

அந்த டாக்டரம்மா எழுதவில்லை. எழுந்து வந்து அக்காவின் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து எதையோ தேடினார்.

"நரம்பு பாக்குறீங்களா?" என்றாள் அக்கா.

"நாடி பாக்குறேன்."

"கால்லயா?"

"கால்லயும் நாடி துடிக்கும்மா. வலது கால்ல துடிக்குது. இடதுல கிடைக்கவே மாட்டேங்குது."

பிறகு கையில் கட்டும் பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார். அக்கா என் பக்கம் சாய்ந்து, "தலைக்கு ஏறியிருக்கு பிரஷரு, இவங்க கால்ல தேடுறாங்க" என்று முணுமுணுத்தாள். டாக்டரம்மாவுக்குக் காது கூர்மை, சிரித்துவிட்டார். கட்டி முடித்ததும் சிரிக்கவில்லை.

"இந்தக் கால்ல பிரஷர் ரொம்பக் கம்மி, ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. தசை வேலை செய்யும்போது அதுக்கு வேண்டிய ரத்தம் வந்து சேரல. அதான் வலி."

"அதத்தானே நான் ரெண்டு வருஷமா கத்துறேன், நரம்பு அடைச்சிருக்குன்னு!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, நரம்பு வேற, ரத்தக்குழாய் வேற. நரம்பு கரண்டு ஓடுற கம்பி மாதிரி. இது தண்ணி ஓடுற குழாய் மாதிரி. உங்களுக்குக் கெட்டது குழாய்."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். "அப்ப ரெண்டு வருஷமா நான் கம்பிக்கா மாத்திரை தின்னேன்?"



இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று நான்தான் கேட்டேன். கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தால்கூட ஆறாமல் போகலாம், அப்புறம் இந்தக் காலைப் பற்றி வேறு மாதிரிப் பேச வேண்டி வரும் என்றார். இப்போதைக்கு ரத்தம் உறைந்து அடைக்காமல் இருக்க மாத்திரை, சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அதோடு பயிற்சி. அதில் சரிவரவில்லை என்றால் குழாயைத் திறந்துவிட ஆபரேஷன் மாதிரி ஏதாவது யோசிக்கலாம்.

"நடங்க. நல்லா வலிக்கிற வரைக்கும் நடங்க. அப்புறம் நில்லுங்க. வலி போனதும் மறுபடி நடங்க."

"எல்லாரும் நடக்கக் கூடாதுன்னாங்களே டாக்டர்" என்றேன்.

"எல்லாரும்னா யாரு?"

எனக்குக் காது ஜிவ்வென்று சூடேறியது. அக்காவை வீட்டில் இறக்கிவிட்டு நேராக ஊசி டாக்டரிடம் போனேன். பெஞ்சு நிறைய ஆள். வரிசையை மதிக்காமல் உள்ளே போய் நின்றேன்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது எங்கக்கா காலைத் தொட்டுப் பாத்தீங்களா சார்?"

அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "உங்கக்காதானே நரம்புன்னு சொன்னாங்க?"

"அவ சொல்லுவா சார். அவ துணி பிழியறவ. படிச்சது நீங்கதானே? நாளைக்கு நான் வந்து, வயித்து மேல லாரி ஏறுன மாதிரி வலிக்குதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? போலீசைக் கூப்பிடுவீங்களா?"

வெளியே பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "கத்தாதீங்க, பேஷண்ட் இருக்காங்க" என்றார். "இருக்கட்டும், அவங்களும் கேக்கட்டும்" என்று அவர்கள் பக்கம் திரும்பினேன். "தொட்டுப் பாக்கச் சொல்லிக் கேளுங்கப்பா. வாயால சொன்னதை மட்டும் கேட்டு எழுதுறதுக்கு மருந்துக் கடைக்காரனே போதும்." அவருக்கு முகம் செத்துப்போயிற்று. எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.

பயிற்சிக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஒரு அறை. சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் இரும்பு எடைகள், மணல் மூட்டைகள். நடுவில் எடை பார்க்கும் மெஷின் மாதிரி ஒரு பலகை. ஸ்விட்ச் போட்டால் அது விர்ரென்று அதிரும். சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோ பெண் இருந்தாள். காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல உடம்பு.

"ஏம்மா, நான் விழுந்தா நீ என்னைத் தூக்குவியா, இல்ல நான்தான் உன்னைத் தூக்கணுமா?" என்றாள் அக்கா.

"நீங்க இரும்பைத் தூக்கினாப் போதும்மா."

இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். முழங்காலை மடக்கி உட்கார்கிற மாதிரி போய் எழ வேண்டும். அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "வாழ்நாள் பூரா பாரம் தூக்கினவ நான். பாரம் தூக்கினா ரத்தம் ஓடும்னா, என் குழாய் ஏன் சுருங்குச்சு?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "சர்க்கரைதான் பெரிய காரணமா இருக்கும். அப்புறம், நீங்க தூக்கினது கையாலயும் முதுகாலயும். கெண்டைக்கால் சும்மா முட்டுக்கொடுத்து நின்னிருக்கு. ரெண்டு வருஷமா வேலை நேரம் போக மீதியெல்லாம் ஓய்வு. தசை சும்மா இருந்தா, இருக்கிற ரத்தமே போதும்னு உடம்பு விட்டுரும். அதுக்கு மூச்சு முட்ட வேலை குடுத்தா, ரத்தம் பத்தலைன்னு அது கத்தும். தினமும் கத்தினா பக்கத்துல பொடிப்பொடியா புதுக் குழாய் முளைக்கும், இருக்கிற சின்னக் குழாய் கொஞ்சம் அகலமாகும். பெரிய குழாய் சுருங்கினாலும் ரத்தம் சுத்திக்கிட்டாவது போய்ச் சேரும். மொத்தத்துல தசை கத்தணும்மா."

"கத்துறதுக்கு எங்க குடும்பத்துக்குச் சொல்லித் தரணுமா?" என்றேன் நான்.

"அந்தப் பலகை எதுக்கு? ஏறி நின்னா அதுவா ரத்தம் ஓட்டிருமா?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா நின்னா ஒண்ணும் பெருசா ஆகாது. அது மேல நின்னு பாரத்தோட இதே பயிற்சியைச் செஞ்சா, குழாய் வளர இன்னும் கொஞ்சம் தூண்டுதல் கிடைக்குமான்னு ஆராய்ச்சி பண்றாங்க. சில ஆராய்ச்சியில ஆமான்னு வருது, சிலதுல பெரிய வித்தியாசம் இல்லேன்னு வருது. டாக்டர் உங்க பாதத்துல புண்ணு இல்லேன்னு பாத்துட்டாங்க. இஷ்டம்னா செய்யலாம்."

மெஷின் என்றால் அக்காவுக்கு விட மனசு வராது. ஏறிவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்தா மாமா வர வேண்டும்? அவர் இப்போது வாட்ச்மேன். அதற்கு முன்னால் ரோடு உடைக்கும் மெஷினைப் பிடித்தவர். காலை முதல் சாயங்காலம் வரை கையில் அந்த இரும்புக் கடப்பாரை தடதடவென்று ஆடும். கதவைத் திறந்தவர், அக்கா கையில் எடையோடு பலகை மேல் நிற்பதையும் அவள் கன்னமெல்லாம் நடுங்குவதையும் பார்த்தார். நேரே சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.

"இறங்குடி கீழ!"

"யோவ், உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"எனக்கில்ல, இந்தப் பொண்ணுக்கு!" என்றவர் மூலையிலிருந்த குழாயைத் திறந்து கையை நீட்டினார். தண்ணீர் ஜில்லென்று கொட்டியது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவர் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்தன. சுண்ணாம்புக் கட்டி மாதிரி, உயிரே இல்லாத வெள்ளை. "பாரும்மா. நல்லாப் பாரு. ஆட்டம் தின்ன கை இது. சட்டைப் பட்டன் போட இவளைக் கூப்பிடுறேன். இதுல ரத்தம் செத்துப்போச்சு. இப்ப இவ காலையும் தின்னணுமா?"

அவர் விரல் குளிரில் வெளுக்கும் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது.

பிசியோ பெண் ஒரு துண்டை எடுத்து வந்து அவர் கையைச் சுற்றி, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். "கையுறை ஏதாவது குடுத்தாங்களா?"

"கேட்டோம். கிழிஞ்ச சாக்கைக் குடுத்தான்."

"உங்க கைக்கு நடந்தது நிஜம்" என்றாள். "நாள் பூரா, வருஷக்கணக்கா, இரும்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆட்டம் வாங்கினா விரல்ல இருக்கிற குழாய் கெட்டுத்தான் போகும். இங்க கொஞ்ச நேரம்தான். முழங்கால் மடங்கியிருக்கணும், பலகையைக் கையால அழுத்திப் பிடிக்கக் கூடாது, உடனே ஓய்வு. ரெண்டும் ஒண்ணில்ல."

"அப்ப இதால குழாய் வளரும்னு சத்தியம் பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"பாத்தியா!"

"பாரத்தையும் நடையையும் விடாதீங்கன்னு அடிச்சுச் சொல்லுவேன். பலகைக்கு அப்படிச் சொல்ல முடியாது. அது வேண்டாம்னா விட்டுரலாம், ஒண்ணும் குறைஞ்சுறாது."

அந்தப் பெண் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு பேச்சுக்காவது சத்தியம் பண்ணினால் என்ன? மாமா அடங்கியிருப்பாரே. வேனில் திரும்பும்போதுதான் யோசித்தேன். ஊசி டாக்டர் ஒவ்வொரு தடவையும் "இந்த ஊசியில கண்டிப்பா சரியாயிரும்" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

அங்கே அறையில் அக்கா மாமாவிடம், "பிளக்கைச் சொருகு" என்றாள். மாமா துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அவளே பலகையை விட்டு இறங்கி, நொண்டிக்கொண்டு போய்ச் சொருகிவிட்டு வந்து ஏறினாள். ஏறியதும் ஒரு வார்த்தை சொன்னாள்: "உன் கையைத் தின்னவன் கிட்ட ஒரு தடவை கத்தியிருக்கியா நீ? என்கிட்டதான் கத்துவ."

மாமா அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் காலைப் பிடித்துவிடுவதை விட்டார். அவள் நடக்கப் போனால் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு போவார், பேசாமல்.

நடைதான் பெரிய கொடுமை. வலி கொடுமை இல்லை, தெரு கொடுமை. இவள் வலி ஏறும்வரை நடந்து நிற்பாள். நின்றதும் ஒருத்தர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். ஒருத்தர் ஆட்டோவை நிறுத்துவார். "என்னத்துக்கு இந்த வயசுல? பாவம், வீட்ல யாரும் இல்லையா?" என்று மாமாவைப் பார்த்துக் கேட்பார்கள். ஒருநாள் தாங்க முடியாமல் அக்கா, "நாற்காலியை நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வலிக்கணும்! வலிக்கத்தான் நடக்குறேன்!" என்று கத்திவிட்டாள். தெருவில் பாதிப் பேர் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே முடிவு செய்தார்கள். விளக்கிச் சொல்லப் போன என்னிடம் ஒரு பெரியவர், "நரம்புத் தளர்ச்சிதானே தம்பி?" என்றார். அவரை நான் ஒன்றும் செய்யவில்லை. வயசானவர்.

முதல் மாசம் ஒரு முன்னேற்றமும் இல்லை. தெருவில் அதே விளக்குக் கம்பத்தடியில் அதே வலி. ஒருநாள் பயிற்சி அறையில் மணல் மூட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். மூட்டை பிரிந்து அறை முழுக்க மணல். பிசியோ பெண் துடைப்பத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, "குனிஞ்சு நிமிந்து கூட்டுங்க. இன்னைக்குக் கணக்குல அதையும் சேத்துக்கலாம்" என்றாள். கூட்டினாள். திட்டிக்கொண்டே கூட்டினாள்.

எப்போது மாறியது என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஒருநாள் அந்தக் கடைத்தெருவில் நடந்தபோது பைப் கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "என்னக்கா, பாக்காமலே போறீங்க? வேற கடையில வாங்கிட்டீங்களா?" அப்போதுதான் அக்கா திரும்பிப் பார்த்தாள். கடை பின்னால் போயிருந்தது. அவள் அந்த இடத்தில் நிற்கவேயில்லை. மாமா பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டரம்மா மறுபடி பார்த்தார். கணுக்கால் பிரஷர் பெரிதாக ஏறவில்லை, நடக்கும் தூரம்தான் நன்றாகக் கூடியிருக்கிறது, தசை இருக்கும் ரத்தத்தை நன்றாகப் பயன்படுத்தப் பழகிவிட்டது, சின்னக் குழாய்களும் உதவியிருக்கலாம் என்றார். பலகையால் வந்ததா, பாரத்தால் வந்ததா, நடையால் வந்ததா என்று கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல முடியாது. எதையும் நிறுத்தாதீங்க" என்றார். இவர்களிடம் ஒரு நேர்ப் பதில் வாங்குவதற்குள் உயிர் போய்விடும். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அது நேர்ப் பதில்தான்.

லீவு முடிந்த அன்றைக்கு அக்காவை வேனிலேயே கொண்டுபோய்க் கேட்டில் இறக்கினேன். டிராலி தயாராக நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம்! வழக்கமாக வைப்பதற்கு மேலே இரண்டு ஈர மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறான் சூப்பர்வைசர். மூட்டை ஏற்றுகிறவன் நான், பார்த்தாலே தெரியாதா?

"ஏன்டா, இது மனுஷன் பண்ற வேலையா?" என்று மேல் மூட்டையில் கை வைத்தேன்.

"தம்பி, கையை எடு" என்றாள் அக்கா.

"அவன் வேணும்னே..."

"எடுன்னா எடு."

தள்ளினாள். முற்றத்தில் டிராலி சுகமாக உருண்டது. கூடத்து ஆட்கள் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். சரிவு ஆரம்பிக்கும் இடத்தில் அவள் கீழ் உதட்டைக் கடித்தாள். வலி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சரிவில் நிற்க முடியாது, நின்றால் டிராலி உருளும். ஏறினாள். இடது குதிகால் தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்கியது. நான் பின்னாலேயே போனேன், உருண்டால் என் மேல் உருளட்டும் என்று. மேலே சமதளத்தில் டிராலியைச் சேர்த்ததும் நின்றாள். எதையும் பார்க்கிற மாதிரி நடிக்கவில்லை. சும்மா நின்றாள்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றான் சூப்பர்வைசர்.

"கால் வலிக்குது, நிக்கிறேன்."

"அப்ப சரியாகலையா?"

"நீ என்ன சொன்ன? நானாத் தள்ளிக்கிட்டு வரணும்னு சொன்ன. நானாத்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். நிக்கக் கூடாதுன்னு எப்பச் சொன்ன?"

"அது சொல்லணுமாக்கா? நிக்காம வந்தாத்தானே..."

"அதைச் சொல்லிருக்கணும்! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? சொல்லாததையெல்லாம் நான் கேக்கணுமா? ஈர மூட்டை ரெண்டு கூட வப்பேன்னு சொன்னியா? அதையும் சேத்துத்தானே தள்ளினேன்? உன் பொண்டாட்டி இந்த மேட்டுல இதைத் தள்ளுவாளா? நீ தள்ளுவியா? வா, வந்து தள்ளு! கீழேர்ந்து தள்ளிக்கிட்டு வா, நான் இங்கேயே நிக்கிறேன்!"

அவன் டிராலியைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா மறுபடி தள்ள ஆரம்பித்துவிட்டாள். திட்டி முடிப்பதற்குள் வலி போயிருந்தது.

மெஷினில் நின்ற புது ஆள், நல்ல வாட்டசாட்டமானவன், இவள் வருவதைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு விலகினான். "அக்கா, எடுத்துக்கங்க. எனக்கு இஸ்திரிப் பக்கம் குடுத்தாப் போதும். இது எனக்குச் சரிப்படல, இடுப்பு கழண்டு போச்சு" என்றான். சூப்பர்வைசர் அவனை முறைத்தான். அவன் அதற்குள் போய்விட்டான்.

"சரி" என்றான் சூப்பர்வைசர் கடைசியில். "மெஷின் உங்களுக்கு. ஆனா சரிவுல டிராலியை இனிமே ரெண்டு பேர் தள்ளணும். எனக்குக் கால் விரல் வேணும்."

"நானே தள்ளுவேன்" என்றாள் அக்கா.

எனக்கு அப்போதுதான் அவள் மேலேயே கோபம் வந்தது. "அவன் சொல்றது ஒண்ணே ஒண்ணு நியாயம், அதையும் கேக்க மாட்டியா? ரெண்டு பேராத் தள்ளு. இல்லேன்னா மாமாவை இங்கயே கொண்டாந்து உக்கார வச்சிருவேன், தண்ணி பாட்டிலோட."

அதற்கு மட்டும் பயந்தாள். "சரி, சரி. அந்த ஆளை இங்க விடாத" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து, விரிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே அடுக்க ஆரம்பித்தாள். நான் வேனை எடுத்தேன்.

அக்கா இப்போதும் வேலை முடிந்து அந்தப் பயிற்சி அறைக்குப் போகிறாள். சாகும்வரை செய்ய வேண்டும் என்று பிசியோ பெண் சொல்லிவிட்டாள், அதற்கும் ஒரு திட்டு வாங்கினாள். இரண்டு மூட்டை கூட வைத்தவனை நான் இன்னும் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் "ஏன்டா வச்ச?" என்று கேட்கிறேன்.